தோளுக்குப் பெரிய துவக்கு

ஏழு வருஷத்துக்கு முந்தி, லண்டன் நடுவில இருக்கிற ஒரு பழைய துவக்குக் கடையில நடந்தது இது. நான் அங்க விற்பனையாளன். "யுத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தவன் துவக்கு விக்கிறான்" எண்டு லண்டனின்ர ஓரத்தில, மோர்டனில இருக்கிற எங்கட இலங்கைத் தமிழ்க் கோயில் ஆக்கள் பகிடி பண்ணுவினம். எந்த மிருகத்துக்கு எந்தத் துவக்கு எண்டு நித்திரையில எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவன். அவ்வளவு பெருமை எனக்கு.

அந்த வருஷம் ஏப்ரலில ஓய்வுபெற்ற பல் வைத்தியர் ஒருவர் வந்தார். அறுபத்தெட்டு வயசிருக்கும். மெலிஞ்ச, அமைதியான வெள்ளைக்கார மனுசன். ஸ்கொட்லாந்தில மான் மட்டும்தான் சுட்டுப் பழக்கம். மனைவி இறந்த பிறகு வீட்டுக்குள்ள இருக்க ஏலாமல், இரண்டு கூட்டாளிகளோட தன்சானியாவுக்குக் காட்டெருமை வேட்டைக்கு வெளிக்கிட்டிருந்தார்.

நான் 375 எண்ட ரைபிளை எடுத்து வைச்சன். மிகப் பெரிசுமில்லை, சின்னதுமில்லை, நடுத்தரக் குழல். காட்டெருமைக்கு அது காணும். தோளில உதைக்கிறதும் தாங்கக்கூடிய அளவுதான். ஆனால் அவற்ற கூட்டாளிகள் 458 வேண்டச் சொல்லியிருந்தினம். அது பென்னாம்பெரிய குழல். உதையும் அப்பிடித்தான்.

இரண்டையும் சுட்டுப் பார்க்கட்டும் எண்டு லண்டனுக்கு வெளியில இருக்கிற சுடுதளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனன். கூட்டாளிகளும் வந்தினம். 375-ஆல மூண்டு வெடி வைச்சார். மூண்டும் ஒரு உள்ளங்கைக்குள்ள அடங்கிச்சுது. பிறகு 458. முதல் வெடியிலயே ஆள் பின்னால ஆடிப்போனார். இரண்டாவதுக்கு நான் பக்கத்தில நிண்டு பார்த்தன். விசையை இழுக்க முதல் கண்ணை இறுக்கி மூடினார். மூண்டாவதுக்கும் அப்பிடித்தான். குண்டுகள் சாண் கணக்கில விலகிப் போயிருந்தது.

தோளைத் தடவிக்கொண்டு, "நீங்கள் சொல்லுங்கோ, எதைக் கொண்டுபோக?" எண்டு கேட்டார். பின்னால கூட்டாளி ஒருவர், "சின்னதைத் தூக்கிக்கொண்டு வந்து எங்களைச் சிரிக்க வைக்காதை" எண்டார். மற்றவர் சிரிச்சார்.

'நீங்கள் பயத்தில கண்ணை மூடுறீங்கள்' எண்ட சொல் எனக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. இந்த வயசில, கூட்டாளிகளுக்கு முன்னால, எப்பிடிச் சொல்லுறது?

"பெரிசும் பழகினால் சரிவரும்" எண்டன். அவற்ற முகம் தெளிஞ்சது. 458-ஐயே காசு குடுத்து வேண்டிக்கொண்டு போனார். நல்லது செய்தமாதிரித்தான் எனக்கும் இருந்தது.

நவம்பரில ஒரு காலமை திரும்ப வந்தார். இன்னும் மெலிஞ்சிருந்தார். குளிர் கோட்டைக்கூடக் கழட்டாமல் நிண்டபடியே சொன்னார். அவர் வைச்ச முதல் வெடி காட்டெருமையின்ர வயித்தில பட்டிருக்கு. அது சாகாமல் உயரமான புல்லுக்குள்ள போயிட்டுது. அங்கத்தைய வேட்டை வழக்கப்படி, தடம் பார்க்கிற அந்த ஊர் மனுசன் ரத்தத்தைப் பார்த்து முன்னுக்குப் போயிருக்கிறார். புல்லுக்குள்ள நிண்ட மிருகம் அவரில பாய்ஞ்சிட்டுது. கூடப் போன வேட்டை வழிகாட்டிதான் அதைச் சுட்டு விழுத்தினவராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற வழியில அந்த மனுசன் செத்துப்போனார். இரண்டு பிள்ளையள். சின்னது இன்னும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கேல்லை.

"அங்கேயும் நான் கண்ணை மூடினனான்" எண்டார். "அண்டைக்கு நீங்கள் பக்கத்தில நிண்டனீங்கள். கண்டனீங்களோ?"

"ஓம். கண்டனான்."

அவர் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாயிருந்திருக்கும். "நான் கேட்டனான்தானே" எண்டு மட்டும் சொன்னார். பிறகு செத்தவற்ற பேரைச் சொல்லி, என்னையும் சொல்லச் சொன்னார். நான் பிழையாச் சொன்னன். திருத்தினார். சரியாச் சொல்லும் வரைக்கும் நிண்டிட்டுப் போனார். துவக்கு அனுமதிப் பத்திரத்தைப் பொலிசில திருப்பிக் குடுத்திட்டார் எண்டு பிறகு அறிஞ்சன். அதுக்குப் பிறகு நான் அவரைக் காணேல்லை.

"சுட்டது அவர்தானே? நீங்கள் ஏன் இப்பிடி இருக்கிறியள்?" எண்டு என்ர மனுசி கேட்டா.

இப்பவும் அதே கடையிலதான் நிக்கிறன். கண்டதை முகத்துக்கு நேர சொல்லிப்போடுவன். சிலபேர் கோவிச்சுக்கொண்டு போவினம். போகட்டும். அண்டைக்கு ஒரு மனுசனுக்கு ஒரு நிமிஷ வெக்கத்தைக் குடுக்க எனக்கு மனம் வரேல்லை. அதை மரியாதை எண்டு நான் நினைச்சதுக்கு விலையா, நான் கண்டே இராத ஒரு வீட்டில இரண்டு பிள்ளையள் தகப்பன் இல்லாமல் வளருதுகள்.