எஃப் எட்டு செய்த உபகாரம்

ஹட்டனில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் டெஸ்டிங் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஷார்ட்கட் வைப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை. அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது தேயிலைத் தோட்டங்களின் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, ஒரு ஆப் செய்தோம். காலையில் வேலைக்கு வந்து நிற்பவர்களின் பெயரை, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு போனில் தொட்டுப் பதிய வேண்டும். ஏழரைக்குப் பிறகு பதிந்தால் ஆப் தானாகவே அரைப்பேர் போட்டுவிடும். பாதி நாள் சம்பளம்தான். அந்தப் பகுதி மட்டும் கடைசிவரை பிசகவே இல்லை.

மற்றது பிசகியது. பெயர்களை வேகமாகத் தொட்டால் ஆப் அப்படியே நின்றுவிடும். நான் சோதித்தது எமுலேட்டரில், அதாவது கணினித் திரையில் ஓடும் பொய்ப் போனில். அதில் ஒரு சௌகரியம் உண்டு. நல்லபடியாக இருந்த நிலையைச் சேமித்துவைத்து, வேண்டியபோது அங்கே திரும்பலாம். மெதுவாகத் தொட்டு எல்லாப் பெயரையும் பதிந்து, அந்த நிலையைச் சேமித்து, அதற்குக் கீபோர்டின் எஃப் எட்டு விசையை ஷார்ட்கட்டாக வைத்தேன். ஆப் நின்றால் விரல் தானாக அங்கே போகும். இரண்டு வாரத்தில் ஆப் நிற்கிறது என்பதே எனக்கு மறந்துபோனது. அறிக்கையில் "பிழை இல்லை" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டத்தின் மேனேஜரான பெரிய துரைக்கு என் கணினியில் காட்டிய அன்று ஆப் பாதியில் நின்றது. எஃப் எட்டை அமுக்கினேன். எல்லாப் பெயரும் பதிவாகி நின்றன.

"நல்ல வேகம். திங்கக்கிழமையே ஆரம்பிங்க," என்றார் துரை. முதலாளி எனக்கு ஃபலூடா வாங்கிக் கொடுத்தார்.

திங்கள் காலை நானும் போயிருந்தேன்; பெரட்டுக்களத்தில் தூறல். கண்டாக்கு வேகமாகத் தொட்டார். ஆப் நின்றது. போனை அணைத்துப் போட்டு ஒவ்வொன்றாகப் பதிவதற்குள் ஏழரை தாண்டி, கடைசிப் பதினெட்டுப் பெண்களுக்கு அரைப்பேர் விழுந்தது.

"நாங்க ஆறே முக்காலுக்கே வந்து நிக்கிறோம் தம்பி," என்றார் வரிசையில் நின்ற ராசம்மாக்கா. "லேட்டானது போனு. அரைப்பேரு எங்களுக்கா?"

கண்டாக்கு போனை என்னிடம் நீட்டினார். "அன்னைக்கு நல்லாத்தானே ஓடிச்சு. அங்க என்ன செஞ்சீங்களோ அதையே இங்கயும் செய்யுங்க."

எனக்கு வெட்கமாகிவிட்டது. நேரே துரையிடம் போய் நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப நான் பார்த்தது என்ன?"

"முன்னாடியே பதிஞ்சு வச்சது, சார்."

அவர் பழைய பெரட்டுப் புத்தகத்தை எடுத்துவரச் சொல்லி, பதினெட்டுப் பேருக்கும் முழுப்பேர் போட்டார். எங்கள் ஆப்பை அன்றே நிறுத்திவிட்டார். முதலாளி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

இப்போதும் ஷார்ட்கட் வைக்கிறேன். சோதனையின்போது பொய்ப் போனின் திரையைத் திருப்ப ஒன்று, சிக்னலை நிறுத்த ஒன்று. புதிதாக வருகிறவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் ஒரு பிழையை மறைக்க விசை வைக்கிறவருக்கு, அது யார் தலையில் விழும் என்று பெயர் சொல்லத் தெரிய வேண்டும். என்னுடைய பதினெட்டுப் பெயரும் எனக்கு மனப்பாடம்.