கம்பெனிக்குப் போன லைன்

ரிசீவரைக் காதில் வைத்தால் முதலில் வருவது ஆள் குரல் அல்ல, ஓர் இரைச்சல். அது ஓடும், சற்று நிற்கும், மறுபடி ஓடும். அதே நேரத்தில் மேசைமேல் இருக்கும் மோடத்தின் பச்சை விளக்கு அணைந்து நெட்டும் போய்விடும். அவிநாசிக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில், நான் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்திருந்த கோடை விடுமுறை முழுவதும் இதனோடு மல்லுக்கட்டியே கழிந்தது. கம்ப்யூட்டரைத் தொடத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால், அப்பாவின் பனியன் கம்பெனிக்கு வரும் மெயில்களைத் திறப்பதும் என் வேலை, நெட் போனால் திட்டு வாங்குவதும் என் வேலை. "லைட்டு எரியுதா பாரு" என்று யாராவது சொன்னாலே இன்றும் எனக்கு அலுப்புத் தட்டுகிறது.

மோடத்தை அணைத்துப் போட்டேன், ஒயரை மாற்றினேன், போனையும் நெட்டையும் பிரிக்கும் "ஸ்பிளிட்டர்" என்ற சின்ன டப்பாவைக் கழற்றி ஊதி மாட்டினேன். எலி கடித்திருக்கும் என்று அம்மா அட்டாலிப் பரண் வரை ஏறிப் பார்த்தாள். லைன்மேனைக் கூப்பிட்டால், அவர் வரும்போது எல்லாம் ஒழுங்காக இருக்கும். "லைன்ல ஒண்ணுமில்லீங்கக்கா" என்று அம்மாவிடம் சொல்லி, மோரைக் குடித்துவிட்டுப் போவார். அக்கா கூப்பிடும்போது மட்டும்தான் இப்படி ஆகிறது என்பது எங்கள் யார் கணக்கிலும் வரவில்லை.

அக்கா, எங்கள் கம்பெனிக்குத் தைக்க வந்த தென்மாவட்டக் குடும்பத்துப் பையனை அப்பாவின் சம்மதம் இல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு பெங்களூர் போனவள். "அவ பேச்சே இந்த ஊட்டுல வேண்டாம்" என்று அப்பா சொன்னதோடு சரி. அவர் கம்பெனிக்குப் போனபிறகு, முற்பகலில் அவள் கூப்பிடுவாள், அம்மா பேசுவாள். அப்போது அவளுக்கு ஏழு மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அப்பா வாயால் ஒரு வார்த்தை வராமல் அவளும் வர முடியாது, அம்மாவும் அழைக்க முடியாது.

ஒருநாள் அவசர மெயில் ஒன்றை அனுப்பும்போது அக்காவின் போன் வந்து நெட் போய்விட்டது. மெயில் போகவில்லை என்பதை அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று வீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பெனிக்குப் போனேன். எங்கள் லைனிலிருந்தே ஓர் ஒயர் அங்கே போகும். அதன் முனையில் பழைய போன் ஒன்று. சரக்கு வாங்கும் பையர்கள் எல்லாம் அவருடைய செல்லுக்கே கூப்பிட ஆரம்பித்த பிறகு அதை யாரும் தொடுவதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அப்பா அந்த ரிசீவரைக் காதில் அழுத்தி, மறு காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். சுற்றிலும் ஓவர்லாக் தையல் மிசின்கள் ஓடின, நின்றன, மறுபடி ஓடின. நாங்கள் தேடிய இரைச்சல் அதுதான். அந்தப் போனுக்கு ஸ்பிளிட்டர் இல்லாததால், அவர் எடுத்ததும் நெட் விழுந்திருக்கிறது.

சத்தமில்லாமல் திரும்பி வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஆச்சரியப்படவில்லை.

"தெரியும் கண்ணு. அவ சொல்றதையெல்லாம் நான் திருப்பித் திருப்பிச் சொல்றது எதுக்குங்கற? அவருக்கு நல்லாக் கேக்கோணுமல்ல. லைன்மேன்கிட்டச் சொல்லிப்போடாத, அந்த ஒயரக் கழட்டிப்போடுவாரு."

அடுத்த முறை அக்கா பேசியபோது, அம்மா ரிசீவரை என் காதுக்கும் சேர்த்துப் பிடித்திருந்தாள். அக்கா பாதிப் பேச்சில் நிறுத்தினாள். அந்த மிசின்களுக்கு நடுவே வளர்ந்தவள், அவளுக்குத் தெரியாதா?

"அப்பா, மிசின் சத்தத்துல நாஞ் சொல்றது கேக்குதுங்களா? பிரசவத்துக்கு நான் அங்க வரட்டுங்களா?"

இரைச்சல் நின்றது. பின்பக்கம் மொத்தமும் அடங்கியது. கைக்கெட்டும் தூரத்தில் இருந்த மெயின் சுவிட்சை அப்பா அணைத்திருந்தார். அந்த லைன் அத்தனை தெளிவாக என்றைக்குமே இருந்ததில்லை. அவர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. "ஏனுங்க, ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று அம்மா கெஞ்சினாள். காத்திருந்தோம். ரிசீவரை வைக்கும் சத்தம் வந்தது. கொஞ்ச நேரத்தில் மிசின்கள் ஓட ஆரம்பித்தன. பிரசவம் பெங்களூரில் நடந்தது, அம்மா தனியாகப் பஸ் ஏறிப் போனாள். அப்பா மேல் எனக்கு இன்னும் ஆறாத கோபம் அது ஒன்றுதான்.

இப்போது பைபர் நெட் வந்துவிட்டது, லேண்ட்லைனை ஒப்படைத்துவிட்டோம், கம்பெனியை வாடகைக்கு விட்டாயிற்று. பேத்தி நடக்கத் தொடங்கிய பிறகு எல்லாம் ஒருவழியாகச் சரியானது. அக்கா நோம்பி, பண்டிகைக்கு வருகிறாள், அப்பாவும் "வா சாமி" என்கிறார். வீடியோ காலில் யார் சேர்ந்தாலும் பெயர் வந்துவிடுகிறது, ஒளிந்து நின்று கேட்க இடமில்லை. போன நோம்பிக்கு வந்தபோது பழைய பேச்சு வந்தது. "நீ பேசறது நல்லாக் கேக்கோணும்னுதானக்கா அன்னிக்கு மிசின நிறுத்துனாரு" என்று நான் சமாதானம் சொன்னேன்.

"அது போதும்னு நானும் ரொம்ப வருசம் நெனச்சுட்டிருந்தேன் பாப்பா" என்றாள் அக்கா. "பத்தல."