கறுப்புக் கோட்டும் ஞானத்தகப்பனும்

எங்கள் பக்கத்தில் கறுப்புக் கோட்டு இரண்டு பேருக்குத்தான்: மாப்பிள்ளைக்கும் பிரேதத்துக்கும். ஆகவே என் மனைவியின் அண்ணன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அந்த வெயிலில், கோட்டோடு கற்பிட்டியில் கொழும்பு பஸ்ஸுக்கு நின்றபோதே ஊருக்கு விளங்கிவிட்டது. ஆலங்குடாவில் அவர் வேலைசெய்யும் ஹோட்டலின் முதலாளி அவரை, கொழும்பில் கறுப்புக் கோட்டோடு கூடுகிற ஏதோ சகோதரர் சங்கத்தில் சேர்த்துவிட்டார். உள்ளே நடப்பதை வெளியே சொல்வதில்லை என்று சத்தியம் செய்து சேர்கிற சங்கம். மச்சான் ஒருபடி மேலே போய், தான் அதில் இருப்பதையே யாருக்கும் சொல்லவில்லை.

கருவாடு விற்கிற அக்கா சொன்னார்: “கருவாட்டைப் பெட்டிக்குள்ள பூட்டினாலும் பூனைக்குத் திறப்புத் தேவையில்ல.”

எங்களுக்கு மகள் பிறந்தாள். மச்சானுக்குப் பிள்ளைகள் இல்லை. ஞானத்தகப்பன் தானேதான் என்று, அவள் பிறக்கும் முன்பே சிலுவைச் சங்கிலி வாங்கி வைத்திருந்தார். ஞானஸ்நானத்துக்கு நாள் குறிக்கப் போன என்னையும் மச்சானையும் பாதர் பங்குமனையில் உட்காரவைத்தார்.

“அந்தச் சங்கத்தில இருக்கிறீங்களா, மகன்?”

“எந்தச் சங்கம், பாதர்?”

“அதில இருக்கிறவர் ஞானத்தகப்பனா நிக்க ஏலாது. திருச்சபை விடாது.”

மச்சான் மேசைவிரிப்பைப் பார்த்தபடி சொன்னார்: “அங்க நல்லதுதான் நடக்குது எண்டு கேள்வி. கண் ஒப்பரேசனுக்கெல்லாம் உதவி செய்யிறாங்களாம்.”

“நல்லது செய்ய ஏன் கதவைப் பூட்டுவான்?”

“பாவசங்கீர்த்தனத்தில கேக்கிறதை நீங்களும் வெளியில சொல்றதில்லையே.”

“அது உங்கட ரகசியம், மகன். என்ட இல்ல. விட்டுட்டன் எண்டு ஒரு சொல் சொல்லுங்க, போதும்.”

“இருந்தன் எண்டு சொன்னாத்தானே பாதர், விட்டுட்டன் எண்டு சொல்லலாம்.”

பாதர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். “அப்ப வேற ஆளைப் பாருங்க” என்றார் என்னிடம்.

வீட்டில் என் மனைவி சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: “அண்ணா, அந்தக் கதவுக்குள்ள போக ஆள் நிறைய இருக்கு. என்ட பிள்ளைக்கு மாமா நீங்க ஒராள்தான்.” அவர் சாப்பிட்டுக் கை கழுவிப் போய்விட்டார்.

அடுத்த கூட்டத்துச் சனிக்கிழமை மச்சான் கோட்டை மடித்துக் கையில் பிடித்தபடி வந்தார். என்னையும் கூட்டிக்கொண்டு, பஸ் நிறுத்தத்தைத் தாண்டி நேரே பங்குமனைக்குப் போனார். கோட்டை மேசையில் வைத்தார். ஒரு சொல்லும் சொல்லவில்லை.

பாதர் துணியைத் தடவிப் பார்த்தார். “நல்ல துணி. திருநாள் ஏலத்துக்குப் போடுவம். நாளைக்குப் பூசை முடியப் பிள்ளையைக் கொண்டு வாங்க.”

ஏலத்தில் கோட்டை ஒரு வள்ளக்காரர் எடுத்தார். அதன்பின் கல்யாணம் கட்டிய எங்கள் ஊர்ப் பொடியன்மார் எல்லாரும் அதற்குள் நுழைந்து வெளியே வந்திருக்கிறார்கள். போன மாதமும் ஒரு மாப்பிள்ளை அதைப் போட்டு வியர்த்துக்கொண்டு நின்றான். என் மகளைத் தோளில் வைத்திருந்த மச்சானிடம் மெதுவாகக் கேட்டேன்.

“இப்பவாவது சொல்லுங்க மச்சான். அங்க உள்ளுக்கு என்னதான் நடந்தது?”

“எங்க?” என்றார்.