காற்றே இல்லாத நாள்

ஏர் ரைபிளுக்கு ஸ்கோப் வாங்கியவன் நான். குறிபார்த்துச் சுடுபவள் என் மனைவி. ஆடி மாதம், எங்கள் சுருளிப்பட்டித் தோட்டத்தில் திருகுகளை இறுக்கி, வைக்கோல் கட்டில் ஓர் எலுமிச்சம்பழத்தைச் செருகிச் சுட்டோம். குண்டு வலப்பக்கமே விலகியது. ஸ்கோப்பைத் திட்டிக்கொண்டே, குறியைச் சரிசெய்யும் குமிழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பழம் சிதறியதும் இருவரும் குதித்தோம்.

மறுவாரம் மதுரையில், ஜன்னல் சாத்திய பயிற்சிக்கூடத்தில், அவள் சுட்டதெல்லாம் நடுப்புள்ளிக்கு இடப்பக்கமே கொத்தாகப் போய் விழுந்தது. பயிற்சியாளர் சிரித்துவிட்டார்.

"காத்துல வச்சு அலைன்மென்ட் பண்ணீங்களாம்மா? அது தள்ளுனதுக்கும் சேர்த்துக் குமிழைத் திருப்பியிருக்கீக."

அவளுக்குச் சுருக்கென்றது.

"காத்தா? அன்னைக்குக் காத்தே இல்லைங்க. காயப்போட்ட துணியில ஒண்ணுகூடப் பறந்து போகல, எல்லாம் கொடியிலயேதான் கெடந்துச்சு!"