அம்மா என்னிடம் கேட்ட மாத்திரை

அம்மாவின் புற்றுநோய் வலிக்கு டாக்டர் எழுதித்தந்த மார்ஃபின் மாத்திரைகளைத் தங்கைதான் பூட்டிவைத்து, நேரம் பார்த்துக் கொடுப்பாள். அம்மா எதற்கும் அவளையே கூப்பிடுவதில் எனக்கு வயிற்றெரிச்சல்.

ஒருநாள் நேரத்துக்கு முன்பே அம்மா மாத்திரை கேட்க, தங்கை மறுத்தாள்.

"பெரியவளே, நீயாவது குடும்மா."

அம்மா என்னைக் கேட்டுவிட்டாள்! பூரித்துப்போய்த் தங்கையிடம் சாவி கேட்டேன்.

"பேசிக்கினே சொக்கிப் போறாங்க பாருக்கா. மூச்சும் மெதுவா இருக்குது. ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றாள்.

ஐயம்பேட்டையிலிருந்து ஆட்டோவில் காஞ்சிபுரம் ஓடினோம். "இன்னொண்ணு குடுத்திருந்தா மூச்சே நின்னிருக்கும்" என்ற டாக்டர், சிகிச்சை தந்து மாத்திரையின் அளவைக் குறைத்தார்.

தெளிந்ததும் அம்மா, "பெரியவளுக்குத்தான் எம்மேல பாசம்" என்றாள். நான் ஏங்கிக் கிடந்த வார்த்தை. தங்கை அம்மாவின் வாயைத் துடைத்துவிட்டாள்.

அவள்மீது எனக்கு இன்னும் பொறாமைதான். பெற்றவளிடமே கெட்ட பெயர் வாங்கத் துணிந்த அன்பு எனக்கு வாய்க்கவில்லையே.