குவாபாராவின் கட்டைவிரல்

ரொவேனா பக்தாசன் ஃபியூஸ் போன பல்பு ஒன்றைக் காலுறைக்குள் திணித்து, குதிகால் ஓட்டையைக் கறுப்பு நூலால் அடைத்துக்கொண்டிருந்தாள். வாசலிலேயே எல்லார் முன்னாலும் வெளி ஷூவைக் கழற்றி, உள்ளே மட்டும் போடும் ஷூவுக்கு மாற வேண்டிய பள்ளிக்கூடத்தில், டீச்சர் எவ்வளவு நல்ல கோட்டு போட்டாலும் காலுறைதான் காட்டிக்கொடுக்கும்.

பிலிப்பைன்ஸிலிருந்து ஜப்பானின் ஹிரொசாகிப் பக்கம் வந்து ஒன்பது வருஷம். மூன்று ஆரம்பப் பள்ளிகளில் ஆங்கிலம் சொல்லித்தந்தாள். சம்பளம் தருவது பள்ளி அல்ல, ஆள் அனுப்பும் கம்பெனி. ஒப்பந்தம் வருஷத்துக்கு ஒன்று. விடுமுறை மாதமான ஆகஸ்டில் பாதிச் சம்பளம். வகுப்புக்குக் காலர் சட்டை, பிள்ளைகளோடு தரை துடைக்க ஜெர்சி, விழாவுக்குக் கறுப்பு சூட், எல்லாம் அவள் கைக்காசு.

போன வருஷம் தரை துடைத்த கையோடு ஜெர்சியிலேயே பாடம் எடுத்துவிட்டாள். கம்பெனி மேற்பார்வையாளர் குவாபாரா, "உடை: கவனம் தேவை" என்று எழுதிப் போனார். இன்னொரு முறை அப்படி எழுதினால் ஒப்பந்தம் கிடையாது. ஒப்பந்தம் இல்லையென்றால் விசாவும் இல்லை. நாளை அவர் மறுபடி வருகிறார்.

வந்தார். அவளை மேலும் கீழும் பார்த்து, "காலர் சரி, ஷூ சரி" என்று குறித்துக்கொண்டார். ஆனால், உள்ளே போட வேண்டிய ஷூவை அவர் கொண்டுவர மறந்திருந்தார். துணைத் தலைமையாசிரியை ஓதாகி விருந்தாளிகளுக்கான பச்சைச் செருப்பை நீட்டினார். குவாபாராவின் கால் பெரிது. இரண்டாம் வகுப்புக்குள் நுழையும்போதே செருப்பு கழன்றது. காலுறைக்கு வெளியே கட்டைவிரல் முழுசாக நின்றது.

அன்றைய பாடம் உடலுறுப்புகள். முன்வரிசைச் சிறுமி கொதோஹா டீச்சரைக் கூப்பிட்டுத் துள்ளி எழுந்தாள்.

"சென்செய்! டோ! பிக் டோ!"

"ஹலோ, பிக் டோ!" என்றது மொத்த வகுப்பும்.

குவாபாராவின் காது சிவந்தது. அதட்டி அடக்கினால் பாடம் போச்சு; விட்டால் வேலை போச்சு. ரொவேனா பாடத்தையே பிடித்துக்கொண்டாள். அந்த விரலைப் பார்த்துக் குனிந்து கேட்டாள்: "ஹவ் ஆர் யூ, டோ?"

குவாபாரா விரலை மெல்ல ஆட்டினார்.

"ஐ'ம்... கோல்ட்."

கூரை பறந்துவிடும் போலச் சிரிப்பு.

பாடம் முடிந்து ஆசிரியர் அறைக்கு வந்ததும் ரொவேனா கையை நீட்டினாள். "கழட்டிக் குடுங்க."

"ஐயோ, வேணாம் சென்செய், நாறும்."

"வருஷம் பூரா பிள்ளைங்க ஷூ அலமாரிய துடைக்கிறவ நான். குடுங்க."

தைத்துக்கொண்டே கேட்டாள்: "உடைங்கிற கட்டத்துல என்ன எழுதப் போறீங்க?"

"யாரோட உடைய? உங்களோடதா, என்னோடதா?"

"உங்களோடத எழுதினா நாளைக்கே உங்களத் தூக்கிருவாங்க," என்று பக்கத்து மேசையிலிருந்து சிரித்த ஓதாகிக்குத் தேநீர் புரை ஏறியது.

"அப்படியே அந்த ஆகஸ்டு சம்பளத்தையும் ஒட்டுப் போட்டுக் குடுங்களேன்," என்றாள் ரொவேனா.

"அது என் கைக்கு எட்டாது, சென்செய். நெஜமாவே எட்டாது."

மறுநாள் காலை கம்பெனியிலிருந்து ஃபேக்ஸ் வந்தது. உடை: குறை இல்லை. பிள்ளைகள் தாமாகப் பேசுகிறார்கள். ஏப்ரலிலிருந்து இன்னும் ஒரு வருஷ ஒப்பந்தம். ஆகஸ்டு மட்டும் அதே பாதி. ரொவேனா கையெழுத்துக்குப் பதிலாகத் தன் பெயர் முத்திரையை அழுத்திக் குத்தித் திருப்பி அனுப்பினாள். அப்புறம் ஜெர்சியை மாட்டிக்கொண்டு வாசல் பனியை அள்ளப் போனாள். பாடத்துக்கு முன் மாற்றிக்கொள்ளக் காலர் சட்டையை நாற்காலி முதுகில் தொங்கவிட்டிருந்தாள்.