மஞ்சள் போர்வையைப் பார்த்து வந்த கப்பல்

தீவுக் கோட்டையில் சிப்பாய்களுக்குத் துணி துவைக்கும் வேலைக்கு அவள் சேர்ந்தபோது சின்ன வயதுதான். நல்ல உயரம், எதற்கும் சட்டென்று சிரித்துவிடுவாள். அப்பா படகோட்டி. கோட்டைக்கு அரிசியும் விறகும் ஏற்றிப்போன பழக்கத்தில் சொல்லிவைத்து வாங்கிக்கொடுத்த வேலை அது.

கோட்டை மிகப் பழையது. கடற்கொள்ளைக்காரர்களைத் தடுக்க எந்தக் காலத்திலோ கருங்கல்லில் எழுப்பியது. பின்னால் வந்தவர்கள் மதிலை உயர்த்தினார்கள். பெரிய யுத்தத்தின்போது சிமெண்டு மேடை போட்டு, கடலைப் பார்த்துப் பீரங்கிகளை நிறுத்தினார்கள். எதிரிதான் வந்தபாடில்லை. யுத்தம் முடிந்தும் சிப்பாய்கள் காலையில் பீரங்கிக்கு எண்ணெய் போட்டார்கள், சாயங்காலம் துருவைச் சுரண்டினார்கள்.

அவளுக்கு ஈரத்தோடுதான் சண்டை. உள்முற்றத்தில் வெயிலும் எட்டாது, காற்றும் எட்டாது. மதில் மேலே காற்று பிய்த்துக்கொண்டு போகும். ஆனால் அங்கே துணி போடக் கூடாதென்று தளபதி உத்தரவு. கோட்டை பார்க்கக் கோட்டை மாதிரி இருக்க வேண்டுமாம்.

ஒரு தடவை மழை பிடித்துக்கொண்டு விடவே இல்லை. சிப்பாய்கள் ஈரச் சட்டையோடு திரிந்து லொக்கு லொக்கென்று இருமினார்கள். ஒருவழியாக வெயில் அடித்த அன்று தளபதி அக்கரைக்குப் போயிருந்தார். அவள் யோசிக்கவே இல்லை. பீரங்கிக் குழாயிலிருந்து கொடிக்கம்பம் வரை கயிறு கட்டி, அத்தனை போர்வைகளையும் விரித்துவிட்டாள். எல்லாம் மஞ்சள் போர்வை.

மஞ்சள் கொடி பறந்தால் தொற்றுநோய் என்பது கப்பல்காரர்கள் கணக்கு. தூரத்தில் போய்க்கொண்டிருந்த கடற்படைக் கப்பல் கோட்டை முழுக்க மஞ்சளாகப் படபடப்பதைப் பார்த்துத் திரும்பி வந்து நங்கூரம் போட்டது. மருத்துவரும் மருந்துப் பெட்டியோடு ஒரு கம்பவுண்டரும் படகில் இறங்கினார்கள். அவர்கள் கரை சேர்ந்த அதே நேரத்தில் அவளுடைய அப்பாவின் படகில் தளபதியும் வந்து இறங்கினார்.

எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று மருத்துவர் கேட்க, தளபதி திருதிருவென்று விழித்து, மதிலை அண்ணாந்து பார்த்தார். அவள் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"யாருக்கும் ஒண்ணுமில்லைங்கய்யா. துணி காயலை, அதான்..."

கம்பவுண்டர் மருந்துப் பெட்டியால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தான். மருத்துவர் சிரிக்கவில்லை. வந்ததுதான் வந்தோம் என்று சிப்பாய்களை வரிசையாக நிற்கவைத்துப் பரிசோதித்தார். பாதிப்பேர் நெஞ்சில் சளி. ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு திரிந்தால் மருந்து என்ன செய்யும் என்று தளபதியிடமே கேட்டுவிட்டார்.

தளபதி மீசையை நீவிக்கொண்டே அவள் பக்கம் திரும்பினார். "மதில் மேலயே போட்டுக்கம்மா. மஞ்சளை மட்டும் உள்பக்கமா போடு" என்றார்.

அதற்குப் பிறகு அந்தக் கப்பல் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம், இருமல் எப்படி இருக்கிறதென்று விசாரிக்கக் கம்பவுண்டர் கரைக்கு வந்தான். அவளுடைய அப்பா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"தம்பி, இங்க இருமறதுக்கு ஆளே இல்லையே. யாரைப் பாக்க வர்றீங்க?"

"இந்தத் தடவை உங்களைத்தாங்க பாக்க வந்தேன்" என்றான் அவன்.

அந்த வருஷமே கல்யாணம். தளபதி சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

சில வருஷம் கழித்து ராணுவம் கோட்டையைக் காலி செய்தது. பீரங்கிகள் படகேறிப் போயின. கம்பவுண்டர் அதற்குள் கப்பல் வேலையை விட்டு இங்கேயே தங்கியிருந்தான். தீவு ஜனங்களுக்கு ஆஸ்பத்திரி கிடையாது. தானே வைத்தியம் பார்க்கலாமென்றால், மருந்து வைக்க ஈரம் படாத இடம் கிடைக்கவில்லை. அவள்தான் கோட்டையில் காலியாகக் கிடந்த வெடிமருந்துக் கிடங்கைச் சர்க்காரிடம் கேட்கச் சொன்னாள்.

"ஏங்க, வெடிமருந்தே நனையாத ரூம்ல மாத்திரையா நனையப்போகுது?"

கேட்டார்கள், கிடைத்தது. அவன் ஊசி போட்டான். அவள் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொண்டு, கை ராசிக்காரி என்று பெயரும் வாங்கினாள். தீவில் இன்றைக்கு இளவட்டங்களாகத் திரியும் முக்கால்வாசிப் பேர் அந்த அறையில் அவள் கையில் விழுந்தவர்கள்தான். எங்கே பிறந்தாய் என்று கேட்டால், ராஜா வீட்டு வாரிசு மாதிரி காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "கோட்டையில" என்கிறார்கள்.